பேச்சு வாழைப்பழம்: அந்தப் படம் எங்கிருந்து வந்தது, ஏன் சார்ட்டுக்குச் சார்ட் இடம் மாறுகிறது?

செவிப்பறை:
ஆடியோகிராம் என்பது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதுக்குக் கேட்கிறது என்று காட்டும் சார்ட். அதன் நடுவில், பேச்சொலிகள் விழும் இடத்தைக் காட்ட வளைந்து கிடக்கும் அந்த வாழைப்பழ வடிவத்தைக் காது பரிசோதனை நடக்கும் எந்த அறைச் சுவரிலும் பார்க்கலாம். பழத்துக்குள் எம், டி, பி, எஸ், எஃப் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். மேலே இலை அசைவதும் பறவையும், கீழே நாய், பியானோ, விமானம். பெற்றோருக்கு விளக்க இதைவிட எளிதான படம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று சார்ட்டை அருகருகே வைத்தால் பழம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்றில் 20 முதல் 50 டெசிபெல், இன்னொன்றில் 30 முதல் 60. எந்த நிலைமையில் அளந்தது என்று ஒன்றிலும் குறிப்பு இல்லை.

இதன் மூலம் யார்? இடம் மாறுவது ஏன்? தமிழ் எழுத்து போட்டு ஒன்று தயாரிக்க வேண்டுமானால் எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்?

டெசிபெல்தாசன்:
மூலம் என்று ஒரே ஆளைச் சொல்லவேண்டுமானால் குன்னர் ஃபான்ட். ஸ்வீடன்காரர், 1919இல் பிறந்தவர், பேச்சொலியியலில் பெரிய பெயர். ஆனால் அவர் இதைக் காது மருத்துவத்துக்காகச் செய்யவில்லை. 1945 முதல் 1949 வரை ஸ்டாக்ஹோமில் எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு அதிர்வெண்ணை வெட்டலாம், வெட்டினால் எந்த ஒலி போகும் என்பதுதான் அங்கே கேள்வி. அதற்காக ஸ்வீடிஷ் உயிரொலிகளையும் மெய்யொலிகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். அடிக்குரல், முதல் ஃபார்மன்ட் (வாய், தொண்டைக் குழியின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்), இரண்டாவது, மூன்றாவது, உரசொலிகளின் இரைச்சல் ஆகிய ஒவ்வொன்றும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமையுடன் விழுகிறது என்பதைப் பரப்புகளாகக் காட்டினார். இந்த வேலையின் விரிவான தொகுப்பு 1959இல் எரிக்சனின் தொழில்நுட்ப இதழிலேயே வந்தது. ஆடியோகிராமில் அந்தப் பரப்பின் வெளிவிளிம்பு வளைந்த பழம் போல் தெரிந்ததால் பின்னால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே முதல் விஷயம், இது ஸ்வீடிஷ் மொழியின் படம். ஆங்கிலத்தின் படமும் இல்லை, எல்லா மொழிக்குமான படமும் இல்லை.

நாய், விமானம் எல்லாம் வேறு கிளை. குழந்தைகளின் கேட்டல் பற்றி நார்தர்ன், டவுன்ஸ் இருவரும் எழுதிய பாடநூல், 1974இல் முதல் பதிப்பு. பழகிய ஒலிகளின் படத்துக்குப் பெரும்பாலானோர் மேற்கோள் காட்டுவது அதைத்தான். சுவரில் தொங்குவது இரண்டு கிளையும் கலந்த வடிவம்.

மெல்லினம்:
ஃபான்டுக்கு முன்பே அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகமான பெல் லேபில் பாதி வேலை முடிந்திருந்தது என்பதையும் சேர்க்கவேண்டும். ஹார்வி ஃப்ளெட்சர் ஆங்கில ஒலிகளின் சக்தியை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டார். மிக வலுவான உயிரொலிக்கும் மிக மெலிந்த உரசொலிக்கும் சக்தி விகிதம் 680க்கு 1. டெசிபெலில் 28. பழத்தின் தடிமன் ஏன் ஏறக்குறைய 30 டெசிபெல் என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் 1940இல் டன், வைட் செய்த அளவீடு. பேச்சை விநாடியில் எட்டில் ஒரு பங்குத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் உச்சம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். சராசரிக்கு மேலே 12 டெசிபெல். 1947இல் ஃபிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் இருவரும் பேச்சுப் புரிதலைக் கணக்கிட்டபோது இதே 12ஐ எடுத்து, உச்சத்திலிருந்து கீழே மொத்தம் 30 டெசிபெல் பயனுள்ள பரப்பு என்று வைத்தார்கள். சராசரிக்கு மேலே 12, கீழே 18 என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

செவிப்பறை:
நன்றி. ஆடியோகிராம் தலைகீழாக இருப்பதற்கும் பழத்தின் வளைவுக்கும் தொடர்பு உண்டா? சத்தம் கூடினால் கோடு கீழே போவது ஏன் என்று ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் கேட்கிறார்கள்.

டெசிபெல்தாசன்:
உண்டு. 1922 வாக்கில் நியூயார்க் காது மருத்துவர் எட்மண்ட் ஃபவுலரும் பொறியாளர் வெகலும் சேர்ந்து, கேட்டலை அளக்கும் கருவியான ஆடியோமீட்டரைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1-ஏ கருவி அந்தக் காலத்தது. பொறியாளர்களின் வரைபடத்தில் வலிமை மேல்நோக்கித்தான் ஏறியது. மருத்துவருக்கு வேண்டியது நோயாளிக்கு எத்தனை சதவீதம் கேட்டல் மிச்சம் இருக்கிறது என்பது. 100 சதவீதம் மேலே, பூஜ்யம் கீழே. பிறகு சதவீதம் கைவிடப்பட்டு டெசிபெல் வந்தது. ஆனால் 'நல்லது மேலே' என்ற ஏற்பாடு மட்டும் நின்றுவிட்டது. இயல்பான காது மேல் விளிம்பில் 0, இழப்பு கூடக் கூடக் கீழே.

இப்போது வளைவு. ஆடியோகிராமின் 0 என்பது ஒலியழுத்தம் 0 அல்ல, அந்தந்த அதிர்வெண்ணில் இளம் வயதினரின் இயல்பான காது கேட்கத் தொடங்கும் அளவு. 125 ஹெர்ட்ஸில் காது மந்தம், 2000 முதல் 4000 வரை கூர்மை. ஆகவே எஸ்.பி.எல். (ஒலியழுத்த) அளவில் இருக்கும் பேச்சு ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்ற கணக்கை, எச்.எல். (இயல்பான காதை 0 ஆக வைத்த) சார்ட்டுக்கு மாற்றும்போது இடது முனை மேலே தூக்கிக்கொள்கிறது, காரணம் காது. வலது முனை மேலே போவதற்குக் காரணம் வேறு: பேச்சுக்கே அந்த உயரத்தில் வலிமை குறைவு. இரண்டு முனையும் தூக்கி நடு தொங்கினால் வாழைப்பழம். ஒரு முனையை வளைப்பது கேட்பவரின் காது, மறு முனையை வளைப்பது பேசுபவரின் வாய் என்று வகுப்பில் சொன்னால் உடனே புரியும்.

மூன்றிலொரு ஆக்டேவ்:
எண்களுக்கு வருவோம். செவிப்பறை கேட்ட 'எங்கிருந்து தொடங்குவது' என்பதற்கு நேரான வழி இருக்கிறது.

1994இல் பர்ன் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு 12 மொழிகளின் நீண்டநேரச் சராசரிப் பேச்சு ஸ்பெக்ட்ரத்தை அளந்து வெளியிட்டது. ஆங்கிலம், ஸ்வீடிஷ், ரஷ்யன், ஜப்பானியம், மாண்டரின், வியட்நாமியம் என்று போகும் பட்டியலில் சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை. மொழிக்கு மொழி வித்தியாசம் சிறியதாகவே இருந்தது, அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான ஒரு சராசரியைக் கொடுத்தார்கள். மொத்த அளவு 70 டெசிபெல் என்று வைத்தபோது மூன்றிலொரு ஆக்டேவ் பட்டைகளில் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி ஒரு ஆக்டேவ், அதில் மூன்றில் ஒரு பங்கு) வந்த எண்கள்: 125 ஹெர்ட்ஸில் 57.7, 250இல் 60.3, 500இல் 62.1, 1000இல் 53.7, 2000இல் 48.7, 4000இல் 45.6, 8000இல் 43.7.

ஒரு மீட்டரில் சாதாரண உரையாடல் 65 என்று எடுத்தால் எல்லாவற்றிலும் 5ஐக் கழியுங்கள்.

அடுத்து இயல்பான காதின் தொடக்க அளவைக் கழிக்கவேண்டும். எதிரே இருந்து வரும் ஒலியை இரண்டு காதாலும் கேட்கும் நிலைக்குப் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 389இன் 7ஆம் பகுதி தரும் எண்கள்: 125இல் 22.1, 250இல் 11.4, 500இல் 4.4, 1000இல் 2.4, 2000இல் மைனஸ் 1.3, 4000இல் மைனஸ் 5.4, 8000இல் 12.6. மைனஸைக் கழித்தால் கூடும், இதில் பலரும் தவறுகிறார்கள்.

கழித்தபின் பழத்தின் நடுக்கோடு: 125இல் 31, 250இல் 44, 500இல் 53, 1000இல் 46, 2000இல் 45, 4000இல் 46, 8000இல் 26. சார்ட் தலைகீழ் என்பதால் மெலிந்த பக்கம்தான் மேல் விளிம்பு: அதற்கு 18 குறையுங்கள், வலுவான கீழ் விளிம்புக்கு 12 கூட்டுங்கள். 500இல் 35 முதல் 65, 4000இல் 28 முதல் 58.

ஆறாம் ஒலி:
4000இல் 58 வரையா? நாங்கள் பார்க்கும் எந்த போஸ்டரிலும் உயர் அதிர்வெண் பக்கம் பழம் இவ்வளவு கீழே வருவதில்லையே சார். எஸ், எஃப் எல்லாம் 20, 25 பக்கம்தான் போட்டிருக்கும்.

மூன்றிலொரு ஆக்டேவ்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதே கணக்கை ஹெட்போன் பூஜ்யத்தை, அதாவது ஹெட்போனில் இயல்பான காது கேட்கத் தொடங்கும் அளவை, வைத்துப் போட்டுப் பாருங்கள். டிடிஎச்-39 ஹெட்போனுக்கான பூஜ்யம் 250இல் 25.5, 500இல் 11.5, 1000இல் 7, 2000இல் 9, 4000இல் 9.5, 8000இல் 13. கழித்தால் நடுக்கோடு 250இல் 30, 500இல் 46, 1000இல் 42, 2000இல் 35, 4000இல் 31. நீங்கள் சுவரில் பார்ப்பது இதற்குத்தான் நெருக்கம். 4000இல் இரண்டு கணக்குக்கும் 15 டெசிபெல் வித்தியாசம்!

எது தவறு என்றால் இரண்டாவது. பேச்சை அளந்தது திறந்த வெளியில் வைத்த மைக்கில். ஹெட்போனின் பூஜ்யத்தை அளந்தது 6 கன சென்டிமீட்டர் உலோகக் குடுவையில். நிஜமான காதில் வெளிக்காதும் காதுக்குழாயும் 2500 முதல் 4000 வரை உள்ள ஒலியைப் பெருக்கித் தருகின்றன. திறந்த வெளி எண்களில் அந்தப் பெருக்கம் அடங்கியிருக்கிறது, மைனஸ் 5.4 வருவதே அதனால்தான். குடுவையில் அது கிடையாது. திறந்தவெளிப் பேச்சிலிருந்து குடுவைப் பூஜ்யத்தைக் கழித்தால் காதுக்குழாய் தரும் லாபத்தைத் தூக்கி எறிந்ததாக ஆகிவிடும்.

ஆனால் ஒரு விஷயம். 65 என்பதும் 1 மீட்டர் என்பதும் 'இரண்டு காது' என்பதும் நான் எடுத்துக்கொண்ட நிபந்தனைகள். ஒற்றைக் காதென்றால் பழம் சுமார் 2 டெசிபெல் மேலே போகும். 2 மீட்டர் தள்ளி நின்றால் எதிரொலி இல்லாத இடத்தில் 6 டெசிபெல் மேலே போகும். பேச்சுப் புரிதல் குறியீட்டுக்கான 1997 அமெரிக்கத் தரத்தில் இயல்பான குரல் 62.35 என்று இருக்கிறது, அதை எடுத்தாலே கிட்டத்தட்ட 3 டெசிபெல் மாறும். சார்ட்டுக்குச் சார்ட் இடம் மாறுவதில் பாதி இந்த எழுதப்படாத நிபந்தனைகள்தான்.

டெசிபெல்தாசன்:
மீதிப் பாதியில் ஒரு பங்கு பூஜ்யம் இடம் மாறியது. அமெரிக்காவில் 1951இல் வந்த ஆடியோமீட்டர் தரம் 1930களின் நடுவில் நடந்த பொதுச் சுகாதாரக் கணக்கெடுப்பை நம்பியது. அந்தப் பூஜ்யம் மந்தமாக இருந்தது. பிரிட்டனில் ஆய்வகச் சூழலில் அளந்தபோது காது அதைவிடக் கூர்மையாக இருப்பது தெரிந்து, 1964இல் ஐஎஸ்ஓ பூஜ்யத்தை மாற்றியது. 500இல் 14 டெசிபெல், 1000இல் 10, 2000இல் 8.5, 4000இல் 6. அதே காது, அதே ஒலி, ஆனால் 1000இல் பழைய 20 புதிய 30 ஆகிவிடும். 1969இல் அமெரிக்கத் தரமும் இதற்கு மாறியது. பழைய பூஜ்யத்துக்கு வரைந்த பழத்தைப் புதிய ஆடியோகிராமில் அப்படியே ஒட்டினால் அது இருக்கவேண்டிய இடத்தைவிட 6 முதல் 14 டெசிபெல் மேலே உட்காரும். ஆகவே பழைய நூலிலிருந்து படம் எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது வெளியான வருடம்.

மூன்றிலொரு ஆக்டேவ்:
இன்னொரு பொறியும் உண்டு. சில கட்டுரைகளில் பேச்சு ஸ்பெக்ட்ரம் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கான அளவாக இருக்கும். மூன்றிலொரு ஆக்டேவ் பட்டையின் அகலம் 250இல் 58 ஹெர்ட்ஸ், 1000இல் 231, 4000இல் 926. அகலத்தின் லாகை எடுத்துப் பத்தால் பெருக்கினால் வித்தியாசம் முறையே 17.6, 23.6, 29.7 டெசிபெல். ஒரு ஹெர்ட்ஸ் எண்ணைத் தெரியாமல் எடுத்துப் பழம் வரைந்தால் பழம் முழுவதும் மேலே பறந்துவிடும், அதுவும் வலது பக்கம் அதிகமாக. காது ஒலியைச் சேர்த்துப் பார்க்கும் பட்டை நடு அதிர்வெண்களில் மூன்றிலொரு ஆக்டேவுக்கு அருகில் இருப்பதால், த்ரெஷோல்டோடு (கேட்கத் தொடங்கும் அளவோடு) ஒப்பிட அந்தப் பட்டை அளவுதான் பொருந்தும்.

செவிப்பறை:
புரிந்தது. வரையும் வேலையைக் கணினியில் எப்படிச் செய்வது? அச்சில் விகிதம் கெடுகிறது.

மூன்றிலொரு ஆக்டேவ்:
விரிதாளில் அதிர்வெண்ணை நேரடியாக எக்ஸ் அச்சில் போட்டு லாக் ஸ்கேல் கொடுத்தால் 100, 1000, 10000 என்று கோடு விழும், ஆடியோகிராமுக்கு அது உதவாது. அதிர்வெண்ணை 1000ஆல் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட லாக் எடுங்கள். 125க்கு மைனஸ் 3, 1000க்கு 0, 8000க்கு 3. இப்போது ஒரு ஆக்டேவ் ஒரு அலகு. ஒய் அச்சில் மைனஸ் 10 முதல் 120 வரை, திசை தலைகீழ். விளக்கப்பட வகை எக்ஸ்-ஒய் புள்ளிப்படம், சாதாரணக் கோட்டுப்படம் அல்ல. கோட்டுப்படம் இடைவெளிகளை அதன் இஷ்டத்துக்குச் சமமாக்கிவிடும்.

விகிதம்: ஒரு ஆக்டேவின் அகலமும் 20 டெசிபெலின் உயரமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆக்டேவுக்கு 15 மில்லிமீட்டர் எடுத்தால் 6 ஆக்டேவுக்கு 90 மில்லிமீட்டர் அகலம், 130 டெசிபெலுக்கு 97.5 மில்லிமீட்டர் உயரம். அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்பும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிடுங்கள். உயரத்தை மட்டும் நசுக்கிய சார்ட்டில் கடுமையான சரிவும் மெல்லிய சரிவாகத் தெரியும்.

மெல்லினம்:
இனி எழுத்துகள். என் பெரிய மனத்தாங்கல் அங்கேதான். ஒரு ஒலிக்கு ஒரு புள்ளி என்று போடுவது உயிரொலிக்குப் பொருந்தவே பொருந்தாது.

1952இல் பெல் லேபில் பீட்டர்சன், பார்னி அளந்த அமெரிக்க ஆண்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ போன்ற ஒலிக்கு முதல் ஃபார்மன்ட் 270, இரண்டாவது 2290. ஊ போன்ற ஒலிக்கு 300, 870. முதல் ஃபார்மன்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வேறுபடுத்துவது இரண்டாவதுதான். 1500க்கு மேல் காது அடைத்துப்போன ஒருவருக்கு ஈ கேட்கும், சத்தமாகவே கேட்கும், ஆனால் ஊ மாதிரிக் கேட்கும். கீரையும் கூரையும் ஒன்றாகிவிடும். போஸ்டரில் 'ஈ' என்ற எழுத்தை 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒற்றையாகப் போட்டிருந்தால், இடது பக்கம் நன்றாக இருக்கிறதே, குழந்தைக்கு ஈ வந்துவிடும் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். உயிரொலிக்கு இரண்டு புள்ளி போட்டு மெல்லிய கோட்டால் இணையுங்கள்.

தமிழுக்கு வந்தால் ஆங்கிலச் சார்ட்டை எழுத்துபெயர்ப்பது எந்த வகையிலும் சரியாகாது. ஆங்கிலத்தில் எஸ் ஒலிக்கு இலக்கணப் பொறுப்பு உண்டு. பன்மை, உடைமை, படர்க்கை வினை எல்லாம் அந்த ஒரு மெல்லிய உரசலில் நிற்கின்றன. அதனால்தான் அங்கே 4000க்கு மேலே அவ்வளவு அழுத்தம். நமக்குப் பன்மை 'கள்'. வந்தான், வந்தாள், வந்தார் என்று திணையும் பாலும் மரியாதையும் சொல்லின் கடைசியில் ன், ள், ர் மேல் நிற்கின்றன. பேச்சுவழக்கில் 'வந்தான்' என்பதன் கடைசி ன் தனி மெய்யாகக்கூட வருவதில்லை, முன்னுள்ள ஆகாரத்தை மூக்கொலியாக்கிவிட்டு மறைகிறது. 'வந்தா' என்றால் அவள். அந்த மூக்கொலித் தன்மையின் முக்கியத் தடயங்கள் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. ல, ள, ழ வேறுபாடு பெரும்பாலும் மூன்றாவது ஃபார்மன்டில், 1500 முதல் 3000 வரை. ழகரத்தில் அது நன்றாக இறங்கிவிடும்.

எஸ் ஒலி தமிழுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'பாசம்', 'ஆசை' என்று உயிர்களுக்கு நடுவே வரும் சகரம் அந்த ஒலிதான். எடை மட்டும் வேறு.

ஆறாம் ஒலி:
அருமை மேடம். படம்/பட்டம், கல்/கால் இவற்றை எங்கே போடுவது?

மெல்லினம்:
எங்கும் போட முடியாது. அது இந்தப் படத்தின் எல்லை. குறில் நெடில், ஒற்று இரட்டிப்பு எல்லாம் கால அளவில் இருக்கின்றன. 'பட்டம்' என்பதில் டகரம் வாயை அடைத்து நிற்கும் மௌனம் நீளுகிறது, 'படம்' என்பதில் நாக்கு தட்டிவிட்டுப் போகிறது. வாழைப்பழத்தில் இரண்டு அச்சுகள்தான், அதிர்வெண்ணும் வலிமையும். காலத்துக்கு இடமில்லை. ஒரு ஆறுதல், கால வேறுபாடுகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் மட்டும் கேட்டல் மிச்சம் இருப்பவர்களுக்கும் ஓரளவு எட்டும். அதே காரணத்தால், எதிரொலிக்கும் வகுப்பறையில் முதலில் அழிவதும் இவைதான். முந்தைய உயிரின் வால் அந்த மௌனத்தை நிரப்பிவிடும்.

வல்லினத்தில் குரலொலி வேறுபாட்டைத் தனி எழுத்தாகப் போடவும் வேண்டாம். ஆங்கிலச் சார்ட்டில் p, b தனித்தனி. நமக்கு இடத்தைப் பொறுத்து மாறும் ஒரே பகரம்.

ஆறாம் ஒலி:
அப்படியானால் தமிழ்ச் சார்ட்டில் நிறைய எழுத்தைத் திணிக்காமல் கேட்டலைச் சோதிக்க டேனியல் லிங் தேர்ந்தெடுத்த ஆறு ஒலிகளை மட்டும் போடலாம் என்று தோன்றுகிறது. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ம் 500க்குக் கீழே தாழ்ந்த முரல்வு. ஊ தாழ்வு. ஆ நடு. ஈ இரண்டு துண்டு. ஷ் 2000க்கு மேல், ஸ் 4000க்கு மேல். ஆறும் தமிழ் வாய்க்கு வரும். சோதிக்கும்போது கவனிக்கவேண்டியவை சில. வாயை மறைக்க வலைத்துணி ஒட்டிய வளையம் பிடியுங்கள், கையால் மறைத்தால் ஷ், ஸ் இரண்டும் மங்கிவிடும். ஸ் சொல்லும்போது பின்னால் உகரத்தை ஒட்டி 'ஸு' ஆக்கிவிடுகிறோம், குழந்தை அந்த உகரத்தைக் கேட்டுக் கை தூக்கும், நாம் ஸ் கேட்டதாக எழுதிவிடுவோம். இடைவெளியை மாற்றிமாற்றிச் சொல்லுங்கள். பெண்கள், குழந்தைகள் சொல்லும் ஸ் 8000ஐயும் தாண்டும், அதாவது சார்ட்டின் வலது விளிம்புக்கு வெளியே. ஆணின் ஸ் கேட்ட குழந்தைக்கு அம்மாவின் ஸ் தவறலாம்.

செவிப்பறை:
இதை ஹியரிங் எய்டு போட்டபின் எடுக்கும் ஆடியோகிராமோடு ஒப்பிடலாமா? 'பழத்துக்குள் வந்துவிட்டது, போதும்' என்று சொல்லி அனுப்புவதுதான் பல இடங்களில் வழக்கம்.

ஆறாம் ஒலி:
'பழத்துக்குள்' என்ற அந்தச் சொல்லே குழப்பம். த்ரெஷோல்டு கோடு பழத்துக்குள் இருந்தால் பழம் இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி கேட்கும், மேலே இருக்கும் பகுதி கேட்காது. கோடு பழத்துக்கு மேலே இருந்தால்தான் முழுப் பழமும் கிடைக்கும். பெற்றோர் பலர் நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள், பழம் ஒரு கூடை, புள்ளி அதில் விழுந்தால் வெற்றி என்று. இந்த ஒரு வரியையாவது சார்ட்டிலேயே அச்சடியுங்கள்.

அடுத்தது, எய்டு போட்டு எடுக்கும் த்ரெஷோல்டு மிக மெல்லிய ஒலிக்கானது. இன்றைய கருவிகள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகின்றன. 30 டெசிபெல் வார்பிள் டோனுக்கு (சோதனையில் பயன்படும் நடுங்கும் ஒலி) கிடைத்த பெருக்கம் 65 டெசிபெல் பேச்சுக்குக் கிடைக்காது. இயல்பாகக் கேட்கும் தாழ்ந்த அதிர்வெண்களில் கருவியின் உள்ளிரைச்சலோ அறை இரைச்சலோ த்ரெஷோல்டைக் கெடுக்கும். பேச்சு எங்கே விழுகிறது என்று தெரியவேண்டுமானால் காதுக்குழாயில் மெல்லிய குழாய் மைக் வைத்துப் பேச்சையே ஓட்டி அளக்கவேண்டும். 55, 65, 75 என்று மூன்று அளவில் ஓட்டிப் பாருங்கள். அதற்கான பன்னாட்டுச் சோதனைப் பேச்சு ஆறு மொழிகளில் பெண்கள் படித்ததைத் துண்டாக்கிக் கோத்தது. எந்த மொழியும் இல்லை, ஆனால் பேச்சு மாதிரியே இருக்கும். அந்தத் திரையில் வலிமை மேல்நோக்கி ஏறும், பழம் நிமிர்ந்து விடும்.

டெசிபெல்தாசன்:
பழத்தை வெட்டியதில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணால் சொல்ல 1990இல் மியூலர், கில்லியன் ஒரு வழி கண்டார்கள். பழத்துக்குள் 100 புள்ளிகள். பேச்சுப் புரிதலுக்கு முக்கியமான இடத்தில், குறிப்பாக 2000 பக்கத்தில், நெருக்கமாக. த்ரெஷோல்டு கோட்டுக்குக் கீழே விழும் புள்ளிகளை எண்ணினால் கேட்கும் பங்கு. 2010இல் கில்லியனும் மியூலரும் அதைத் திருத்தினார்கள். எழுத்தில்லாத, எடை போட்ட பழம் என்று சொல்லலாம். என் மதிப்பீட்டில் சுவரில் தொங்கும் எழுத்துப் பழத்தைவிட இது நேர்மையான படம்.

இரண்டு எச்சரிக்கை. 50 புள்ளி என்றால் 50 சதவீதச் சொற்கள் புரியும் என்று அர்த்தம் இல்லை. இயல்பான காது உள்ளவர் அமைதியில் அதே 50ஐ வைத்து வாக்கியங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடுவார். உள்காது பாதிக்கப்பட்டவருக்கு 80 கேட்டும் தெளிவு வராமல் போகலாம், ஏனென்றால் ஒலி எட்டுவது வேறு, அதைப் பிரித்தறிவது வேறு. புள்ளிகளின் நெருக்கமும் ஆங்கிலச் சொற்களை வைத்துப் பெற்ற எடையில் நிற்கிறது. மெல்லினம் சொன்ன 'வந்தான்', 'வந்தாள்' கணக்கைப் பார்த்தால் தமிழுக்குப் புள்ளிகள் கொஞ்சம் இடப்பக்கம் நகரக்கூடும், ஆனால் அளக்காமல் நகர்த்தக் கூடாது.

செவிப்பறை:
எல்லோர் சொன்னதையும் வைத்து வரைந்துவிட்டேன். 125 முதல் 8000 வரை நடுக்கோடு, இரண்டு விளிம்பு, லிங்கின் ஆறு ஒலிகள், ஈக்கு இரண்டு புள்ளி. நாய், விமானம் போடவில்லை. உரக்கப் பேசும்போது என்ன ஆகும் என்று காட்ட அதே பழத்தை 10 டெசிபெல் கீழே புள்ளிக்கோட்டில் ஒன்று போடலாமா?

மூன்றிலொரு ஆக்டேவ்:
அப்படியே கீழே தள்ளினால் தவறாகும். குரலை உயர்த்தும்போது எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் ஏறுவதில்லை. தாழ்ந்த பக்கம் கொஞ்சம்தான் ஏறும், 1000 முதல் 3000 வரை அதிகம் ஏறும், உருவமே மாறிவிடும். தூரத்துக்கு மட்டும் அப்படித் தள்ளலாம், அதுவும் பேசுபவருக்கு அருகில் இருக்கும்வரை. அறையில் ஒரு தூரத்துக்கு அப்பால் எதிரொலி நேரொலியை மிஞ்சிவிடும், அதற்குமேல் தள்ளிப்போனாலும் அளவு அவ்வளவாகக் குறையாது, தெளிவுதான் குறையும்.

படத்துக்கு அடியில் இந்த வரியைப் போடுங்கள்: 'பேச்சு 65 டெசிபெல், 1 மீட்டர், எதிரே இருந்து, இரண்டு காது, அமைதியான இடம். 12 மொழிகளின் சராசரி, மூன்றிலொரு ஆக்டேவ் பட்டை. சராசரியைவிட 12 டெசிபெல் வலுவானது முதல் 18 டெசிபெல் மெலிந்தது வரை.' எழுத்தின் அளவு 9 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். சார்ட்டை நகல் எடுப்பவர்கள் அடிக்குறிப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள், ஆகவே கட்டத்துக்கு வெளியே வைக்காமல் உள்ளே, 100 டெசிபெலுக்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

செவிப்பறை:
மாற்றிவிட்டேன். 100க்கும் 120க்கும் நடுவே மூன்று வரியாக உட்கார்ந்துவிட்டது. கடும் இழப்பு உள்ளவர்களின் குறி அங்கே விழுந்தால் மறையுமே என்று எழுத்தை வெளிர் சாம்பலில் வைத்திருக்கிறேன், மேலே சிவப்பு வட்டமும் நீலப் பெருக்கல் குறியும் தெளிவாகத் தெரிகின்றன.